அலிகாந்தேயில் ஒரு பங்கர்

ஸ்பெயினுக்குப் போவோம் என்று தொடங்கியவர் என் கணவர். பள்ளிக்கூட ஹாஃப் டேர்ம் விடுமுறைக்கு மலிவாக ஒரு பிளேன் ரிக்கெற் கிடைத்ததே காரணம். எனக்குக் கடற்கரையும் சமைக்காத சில நாட்களும் போதும். எங்கள் பதினைந்து வயது மகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் பைத்தியம். மோர்டனில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கைப்பையை அடுக்குவதற்குள், அலிகாந்தேயில் காசில்லாமல் எதையெல்லாம் பார்க்கலாம் என்று ஃபோனில் தேடி முடித்துவிட்டாள்.

முதல் நாள் மலைமேல் இருக்கும் பழைய கோட்டைக்கு ஏறினோம். லிஃப்டுக்குத்தான் காசு, நடந்தால் இல்லை. பாதி வழியில் கணவர் ஒரு கல்லில் குந்திவிட்டார். மேலே போய்ப் பார்த்தபோது கடல் அப்படியொரு நீலம். வந்தது சரிதான் என்று அப்போதே நினைத்தேன்.

அடுத்த நாள் மகள் ஒரு சிறிய சதுக்கத்துக்குக் கூட்டிப்போனாள். நிலத்துக்குக் கீழே ஏதோ இருக்கிறதாம். ரோமர் காலத்துக் கிணறாக்கும் என்று நினைத்துக்கொண்டு படியில் இறங்கினேன். வழிகாட்டிய இளம்பெண் பேசத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் விமானங்கள் குண்டு போட்டபோது ஊர்ச்சனம் ஒளிந்திருந்த இடம் அது.

ஈரச் சுவரின் மணம் வந்தது. என் கால் நின்றுவிட்டது.

"இஞ்சேரும், ஏலாட்டி மேல போவம்," என்றார் கணவர் மெதுவாக.

"இல்லை, வாறன்."

உள்ளே ஒடுங்கிய நடை, சுவரோரம் ஆட்கள் இருக்க நீள வாங்கு. நடை கொஞ்சத் தூரம் போய்ச் சட்டென்று திரும்பியது. ஏன் நேராகக் கட்டவில்லை என்று மகள் என் காதில் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வெளியில குண்டு விழுந்தா அந்த வீச்சு நேர உள்ளுக்க வராது," என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" இதைத் தமிழில் கேட்டாள்.

"ஊரில எங்கட வளவிலயும் ஒண்டு இருந்தது. பங்கர்."

மேலே வந்து சதுக்கத்தில் மரநிழலில் இருந்தோம். அவளுக்கு நான் இதையெல்லாம் சொன்னதில்லை. இது தெரியாமலே வளரட்டும் என்று நினைத்திருந்தேன். அன்று சொன்னேன். கிணற்றடியில் 'ட' எழுத்து வடிவில் வெட்டியது, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது, பக்கத்து வீட்டுக் கோழி எங்களுக்கு முன்னமே ஓடிவந்து உள்ளே முட்டையிட்டது. ஒரு நாள் வெளியே வந்தபோது அந்த வீட்டுக் கூரை இல்லை. வீட்டுக்காரர் எல்லோரும் எங்களோடு பங்கருக்குள் இருந்தபடியால் தப்பினார்கள்.

மகள் அழுவாள் என்று பயந்தேன். அவளோ, "அந்தக் கோழிக்கு என்ன நடந்தது?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கன நாள் இருந்தது. குஞ்சும் பொரிச்சது."

அப்போது கணவர் வாய் திறந்தார். "மன்னாரில எங்களுக்குப் பங்கர் இல்லை. மாதா கோயிலுக்குள்ளதான் படுத்தனாங்கள். பீடத்துக்குப் பின்னால எனக்கொரு இடம் இருந்தது. அதில வேற ஆரையும் படுக்க விடமாட்டன்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கே இது தெரியாது. நானும் மகளும் அவரையே பார்த்தோம். அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. பசிக்கிறது என்று எழும்பினார். உருளைக்கிழங்கு போட்ட முட்டைப் பொரியலும் பாணும் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். ஒக்டோபர் என்றாலும் தண்ணீர் அவ்வளவு குளிரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் நீந்தினார்கள். நான் முழங்கால்வரை இறங்கி நின்றேன்.

இப்போது மோர்டனில் ஞாயிறு பூசை முடிந்து பஸ்ஸில் வரும்போது மகள் ஏதாவது கேட்பாள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்வேன், மிச்சத்தைக் கணவர் சொல்வார். போன கிழமை, அடுத்த கோடைக்கு அப்பா படுத்த அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"ஓம், போவம்," என்றார் அவர், யோசிக்காமலே.