என் காலில் ஒட்டாத ஸ்டிக்கர்

ஆஷாட (கன்னடர்களின் ஆடி) வெள்ளிக்கிழமை, மைசூர் சாமுண்டி மலைப் படிகளில் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தேன். முன்னால் போன பெண்கள் வேண்டுதலுக்காகப் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் தடவிக்கொண்டே ஏறினார்கள். பாதி வழியில் நந்தி சிலையருகே உட்கார்ந்தபோது என் இடது உள்ளங்கால் சிவந்திருந்தது. குங்குமம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கழுவியும் சிவப்பு போகவில்லை. அங்கிருந்த மச்சத்திலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அது பிறவி மச்சம் அல்ல, நாற்பது வயதுக்கு மேல் வந்தது. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் தாண்டும் யோகம் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. தங்கை வித்யா கல்யாணமான கையோடு அமெரிக்கா போய்விட்டாள். நானோ, அப்பாவின் ரயில்வே வேலை எங்களைக் கொண்டுவந்து இறக்கிய மைசூரிலேயே தங்கிவிட்டேன். மச்சத்தைப் பார்த்த அம்மா, "உனக்கும் நேரம் வந்துடுச்சுடி" என்றாள். நான் பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டேன். மச்சம் பெரிதாகப் பெரிதாக எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு உங்கள் உள்ளங்காலையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் மருத்துவர் லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். ஓரம் ஒழுங்காக இல்லை, நிறம் ஒரே மாதிரி இல்லை என்றார். மெலனோமாவாக (தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் புற்றுநோய்) இருக்கலாம், உடனே பயாப்சி (துணுக்கு வெட்டியெடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டும் என்றார்.

வித்யாவிடம் போனில் சொன்னேன்.

"பயப்படாதக்கா. எனக்கும் போன வருஷம் முதுகுல ஒரு மச்சம் சந்தேகமா இருந்துச்சு. ஸ்டிக்கர் ஒட்டிப் பாத்தாங்க, ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு. வலியே இல்ல."

பசையுள்ள ஸ்டிக்கரை மச்சத்தின் மேல் ஒட்டி உரிப்பார்களாம். அதோடு வரும் மேல்தோல் செல்களில், மெலனோமாவோடு தொடர்புடைய சில மரபணுக்கள் வேலை செய்கின்றனவா என்று சோதிப்பார்களாம். கத்தி இல்லை, தையல் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. மச்சத்தில்கூடவா அவளுக்கு அதிர்ஷ்டம்?

மறுநாள் மருத்துவரிடம் அந்த ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டேன். அவர் கன்னடக்காரர், பழகிய தமிழில் பொறுமையாகச் சொன்னார்.

"அது நம்மகிட்ட இல்லம்மா. இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. உள்ளங்கால் தோல் ரொம்ப தடிப்பு, அந்த ஸ்டிக்கர் அங்க வேலை செய்யாது. வேற இடத்துல பண்ணினாலும், சந்தேகம்னு வந்தா கடைசியில வெட்டித்தான் பாக்கணும்."

நான் கேட்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்து, யாராவது ஊருக்கு வந்தால் ஒரு ஸ்டிக்கர் கொடுத்தனுப்பு என்று வித்யாவை நச்சரித்தேன். அவளுக்கு ஸ்டிக்கர், எனக்குக் கத்தியா என்ற ஒரே எண்ணம்தான். அதிகம் பேசாத என் கணவர் அன்று வாயைத் திறந்தார்.

"அவளுக்குக் கிடைச்சதெல்லாம் உனக்கும் கிடைக்கணும். சரி. அதுக்கு மொதல்ல நீ இருக்கணும்ல?"

அடுத்த நாளே பயாப்சிக்குப் போனேன். மெலனோமாதான் என்று முடிவு வந்தது. சுற்றியிருந்த நல்ல சதையோடு சேர்த்து வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் ஒட்டினார்கள். இடுப்பு மடிப்பில் நிணநீர் முடிச்சையும் (கிருமிகளையும் பரவும் செல்களையும் வடிகட்டும் சிறு உருண்டை) எடுத்துப் பார்த்தார்கள். நோய் அங்கே பரவியிருக்கவில்லை.

வித்யா வந்து ஒரு மாதம் இருந்தாள். என் காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பதும் கட்டு நனையாமல் குளிப்பாட்டுவதும் அவள்தான். ஒருநாள் அவள் ரவிக்கை மாற்றும்போது அந்த மச்சத்தைப் பார்த்தேன். சின்னதாக, பழுப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"என்னக்கா பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு வந்தாலும் கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும்னு சொல்லியிருக்காங்க. தினமும் கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாக்குறேன். பயமாத்தான் இருக்கு."

அதைக் கேட்டதும் என் பொறாமை கரைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். கரையவில்லை. பயந்தாலும் அவள் முதுகு முழுசாக இருந்தது. அவள் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டே நான் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது என் காலம் பரிசோதனைக்குப் பரிசோதனை துண்டு துண்டாக வருகிறது. ஒன்று நல்லபடியாக முடிந்தால் அடுத்தது வரையிலான மாதங்கள் எனக்குச் சொந்தம். அதற்கு அப்பால் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வருகிறேன் என்று வாக்குக் கொடுப்பதில்லை.

ஒட்டிய தோலுக்குத் தரை தெரிவதில்லை. அங்கே உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். வித்யா அமெரிக்கா திரும்பிவிட்டாள். விடிகாலையில் சமையலறையில் இடது காலை வைக்கிறேன், ஒன்றுமில்லை. வலது காலை வைத்தால் சில்லென்று ஏறுகிறது. இப்போதெல்லாம் என் பொறாமை அந்த வலது காலின் மேல்தான். பால் பொங்கும்வரை அதை அங்கேயே அழுத்தி வைத்திருக்கிறேன். குளிர் தாங்காமல் அது விரல்களை மடக்கிக்கொள்கிறது.