ஓக்-ரானும் வலது பக்கத்து மூலையும்

ஓக்-ரானுக்கு எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. கிம்பாப் என்கிற சோற்றுச் சுருள் கடை வைத்திருந்த காலத்தில், நல்லாயிருந்த சோற்றுக் குக்கரைக் கழற்றிவிட்டு, பூட்டத் தெரியாமல், வந்தவர்களுக்கெல்லாம் நூடுல்ஸ் போட்டு அனுப்பியவள். நாற்பத்தாறு வயதில் கடையை மூடிவிட்டு மரவேலைக்கு வந்தாள். கொரியாவின் சோங்ஜு நகரமே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன!

வால்பேப்பர் ஒட்டும் அவள் புருஷன் தோ-சிக் மட்டும் சிரிக்கவில்லை. கோணம் வைத்து மரம் அறுக்கும் புது மைட்டர் ரம்பம் வந்த அன்றைக்கே அதற்குப் பூசை போட்டான். வெள்ளை நூல் சுற்றிய கருவாடு, பழம், மக்கொல்லி என்கிற அரிசிக் கள் எல்லாம் வைத்து விழுந்து கும்பிட்டான்.

இப்போது அந்த ரம்பம்தான் மானத்தை வாங்கியது. அடுக்குமாடி வீடு ஒன்றில் கூரையோரம் மரப்பட்டி அடிப்பது அவள் தனியாக எடுத்த முதல் வேலை. நாற்பத்தைந்து பாகையில் அறுத்த இரண்டு பட்டிகளும் மூலையில் கூட வேண்டும். கூடவில்லை. நடுவே நகம் நுழைந்தது.

மேஸ்திரி பியோன் அண்ணாந்து பார்த்தார்.

"என்னம்மா இது, எலி போய்வர வழி விட்டிருக்கியா? நாளைக்கு உன் வீட்டுக்காரன் பேப்பர் ஒட்டணும். சாயங்காலத்துக்குள்ள சேரலைன்னா வேற ஆளக் கூப்பிட்டுருவேன். அப்புறம் நீ கிம்பாப் சுருட்டப் போலாம்."

"சேத்துக் காட்டுறேன் மேஸ்திரிண்ணே."

வேலை போய்விடுமோ என்பதைவிட, ஏன் கூடவில்லை என்கிற கேள்விதான் அவளைப் பெரிதாக அரித்தது. துண்டு மரத்தை நேராக அறுத்து, ஒரு பாதியைப் புரட்டி ஒட்டவைத்தாள். இடைவெளியே இல்லை. அப்படியானால் மரத்தை அண்டக் கொடுக்கும் பின்தடுப்பு நேராகத்தான் இருக்கிறது. ரம்பத்தை இடப்பக்கம் திருப்பி அறுத்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தாள். சரி. வலப்பக்கம் திருப்பினாள். தப்பு! அடடே, ஒரு பக்கம் மட்டும் என்ன கோபம் இதுக்கு?

பிளக்கைப் பிடுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, ரம்பத்தைத் தாங்கும் சுழல்தட்டைத் திருப்பினாள். இடப்பக்கம் நாற்பத்தைந்தில் 'டக்' என்று உட்கார்ந்தது. வலப்பக்கம் சத்தமே மந்தமாக வந்தது. ரம்பத்தைச் சாய்த்து அடியில் டார்ச் அடித்தாள். தட்டு போய் உட்காரவேண்டிய பள்ளத்தில் மரத்தூள் பசைபோல இறுகிக் கிடந்தது. சுரண்டி மோந்து பார்த்தாள். புளித்த வாடை.

தோ-சிக்குக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, பூசையில மிஞ்சின கள்ள என்ன பண்ணீங்க?"

"ரம்பத்து மேலதான் ஊத்துனேன். வண்டி வாங்குனா சக்கரத்துல ஊத்துறதில்லையா?"

"அறிவிருக்கா உங்களுக்கு? எம் பொழப்புலயே மண்ண அள்ளிப் போடப் பாத்தீங்களே!"

"எனக்குக் கோணமெல்லாம் தெரியாதும்மா. உன் பத்து விரலும் பத்திரமா இருக்கணும்னுதான் ஊத்துனேன்."

அவள் தன் பத்து விரலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனை வைத்தாள்.

பழைய பல்துலக்கியால் பள்ளத்தைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, தட்டை வலப்பக்கம் திருப்பினாள். 'டக்'. புதிதாக அறுத்த பட்டிகளை ஏற்றி அடித்தாள். மூலை மூடிக்கொண்டது.

சாயங்காலம் பியோன் ஏணியில் ஏறி நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் நுழையவில்லை.

"என்னதான் ஆச்சு இதுக்கு?"

"குடிச்சிருந்துச்சுண்ணே," என்று நடந்ததைச் சொன்னாள்.

பியோன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, ஆள்காட்டி விரல் இல்லாத தன் இடக்கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"அடுத்தவாட்டி தரையில ஊத்தச் சொல்லு. ஊத்த வேணாம்னு மட்டும் சொல்லிடாத."