மச்சான் தள்ளிவிட்ட கிண்ணம்

என் மனைவியின் அண்ணன் நன்னிலம் பக்கம் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுபவர். ஒரு காலத்தில் அவர் மாலையில் தன் காலால் நடந்து வீடு சேர்ந்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. பிறகு யாரோ ஜெபவீட்டுக்கு அழைத்துப்போனார்கள். ஞானஸ்நானம் எடுத்தார், குடியை விட்டார்.

விட்டவர் சும்மா இருக்கவில்லை. ஒரத்தநாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதும் பிரிட்ஜைத் திறப்பார். கீரைக்கட்டுக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்த ஒற்றை பீர் பாட்டில் அவர் கண்ணுக்கு மட்டும் தப்பாது.

"ஒரு விசுவாசி வீட்டு பிரிட்ஜா மாப்ள இது?"

"கானா ஊர் கல்யாணத்துல தண்ணிய திராட்சரசமா மாத்துனது இயேசுதான மச்சான்?"

"அது பீர் இல்லையே."

"அப்ப பிரிட்ஜும் இல்லையே."

"பரலோகம் போனா ரெண்டு பேரும் தனித்தனி ரூம் கேட்டு வாங்கிக்குங்க" என்பாள் மனைவி.

மகள் முதன்முதலாகத் திருவிருந்து எடுக்கும் திடப்படுத்தல் ஆராதனை எங்கள் சபையில் வந்தது. தாய்மாமன் என்ற முறையில் வெள்ளை வேட்டியில் வந்து, எங்களோடு பீடத்தின் முன் முழங்கால் போட்டார். போதகர் கொடுத்த அப்பத்தை வாங்கினார். திராட்சரசக் கிண்ணம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் மெல்லத் தள்ளிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

பிரியாணிப் பந்தியில் எல்லாரும் கேட்கும்படி ஆரம்பித்தேன். "என்ன மச்சான், எங்க சபைக் கிண்ணம் ஒங்களுக்கு ஆகாதா?"

சிரித்தார். கை கழுவும் இடத்தில் தனியாக நின்றபோதுதான் பதில் வந்தது.

"எங்க ஜெபவீட்டுல வெறும் ஜூஸுதான் மாப்ள. இங்க நெசமான ஒயின்னு தெரியாது. வாசன வந்துச்சு, தள்ளிட்டேன். ஒங்களுக்கு அது ஒரு வாய். எனக்கு அதோட நிக்காது."

எத்தனை வசனம் வைத்திருந்தேன் அவரை மடக்க. அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன், அவ்வளவுதான்.

மறுநாள் போதகரைப் போய்ப் பார்த்தேன். "ஒங்க மச்சான் மட்டும் இல்லீங்க. நம்ம சபையிலயே மூணு பேர் அப்பத்த மட்டும் வாங்கிட்டு எழுந்து போயிடுறாங்க. நான்தான் கேக்காம இருந்துட்டேன்" என்றார்.

விஷயம் சபைக் கமிட்டிக்குப் போனது. ஒயின் இல்லாவிட்டால் அது திருவிருந்தே இல்லை என்று மேசையைத் தட்டியவர், வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தறியாத பொருளாளர். ஜூஸுக்காக வாதாடியது பீர் குடிக்கிற நான். இந்த வேடிக்கையை என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். இரண்டு கூட்டம் நடந்த பிறகு, வேண்டியவர்களுக்குச் சின்னக் கோப்பைகளில் திராட்சை ஜூஸ் என்று முடிவானது.

ஜூஸ் கொடுக்கத் தொடங்கிய முதல் ஞாயிறு மச்சானை வரச்சொன்னேன். கோப்பையை வாங்கி, கண்ணை மூடிக் குடித்தார். அந்த மூன்று பேரும் அவர் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தார்கள்.

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார்.

"நல்ல காரியம் பண்ணீங்க மாப்ள. ஆனா இனிப்பக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க. எனக்கு சுகர் இருக்குல்ல."