நாகஜோதி வண்டியின் நீலப் புகை

காலையில் திருப்பூர் நெருப்பெரிச்சல் முக்கில் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. நாகஜோதியின் வெள்ளை ஆம்னி வளைவில் திரும்பினால் போதும், "கொசுமருந்து வண்டி வருதுடா" என்று ஒருவன் குரல் கொடுப்பான். வண்டி தாண்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் நீலப் புகைக்குள் ஓடுவார்கள். வண்டிக்குள் இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். ஓட்டுகிற நாகஜோதியும் சிரிப்பாள். ஆரம்பத்தில் அது நிஜச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அவள் கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமான கையோடு புருசன் பெருமாள்சாமியோடு திருப்பூருக்கு பஸ் ஏறினாள். அவன் சாயப்பட்டறைக்குப் போனான். அவள் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்து, அங்கேயே செக்கிங் மேஜைக்கு வந்தாள். அந்த மேஜையில் அவளுக்கென்று ஒரு பேர் உண்டு. துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் மற்றவர்கள் கறையைப் பார்ப்பார்கள். நாகஜோதி அடுத்த கறை எங்கே விழுந்திருக்கிறது என்று தேடுவாள். ஒரே இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால் நிட்டிங் மிசின் ஒவ்வொரு சுற்றுக்கும் சொட்டுகிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தால் யாரோ எண்ணெய்க் கையோடு தொட்டிருக்கிறார்கள்.

ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்துக் காத்துக் கால் கடுத்த ஒரு நாளில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் யோசனை அவளுக்கு வந்தது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் தடவை எட்டுப் போடும்போது கம்பத்தில் இடித்தாள், மறு தடவை லைசென்ஸ் வாங்கினாள். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த ஒருவர் டின் ஏற்றப் பயன்படுத்திய ஆம்னியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, போய் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே தேங்காயெண்ணெய் வாசம் எத்தனை கழுவியும் போகவில்லை. செக்கிங் பெண்கள் ஏழு பேர் பெட்ரோலுக்குப் பங்கு போட்டுக்கொண்டு அதில் வேலைக்கு வரத் தொடங்கினார்கள். "ஏறி உக்காந்தாப் போதுங்க, தலைக்கு எண்ணெய் வெக்க வேண்டியதில்ல" என்பாள் அவர்களில் மூத்தவளான குழந்தையம்மாள்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. வயசானதால் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான். பெட்ரோல் போடுகிற நாளெல்லாம் எஞ்சின் ஆயிலும் ஊற்ற வேண்டியதாயிற்று. புகையும் கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் காலை கம்பெனி வாசலில் ஏற்றுமதிக்கான பெட்டிகளைத் திறந்து வைத்திருந்தார்கள். எல்லாம் கைக்குழந்தைகளின் வெள்ளைச் சட்டைகள். அந்தப் பக்கமாக வண்டியை நிறுத்தி, திரும்பவும் கிளப்பியபோது புகை அப்படியே பெட்டிகளின் மேல் போய்ப் படர்ந்தது. மேனேஜர் மகுடேஸ்வரன் ஓடி வந்தார். கோபப்படவில்லை. "ஏனுங்க, இனி வண்டிய வெளிய அந்த ஓரமா நிறுத்திக்கறீங்களா? வெள்ளை பீஸுங்க" என்றார். அந்த மரியாதையே அவளுக்குச் சுருக்கென்றது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் குழந்தையம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடத்துக்குளத்தில் மகன் கட்டிய புது வீட்டில், இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு பால் காய்ச்சுகிறார்கள். செக்கிங் பெண்கள் எல்லாரும் வர வேண்டும். சொல்லிவிட்டுத் தயங்கினாள்.

"வேற வண்டி ஏதாச்சும் பேசிரட்டுமா கண்ணு? அத்தனை தூரம், உன்ற வண்டிக்கு எதுக்குச் சிரமம்?"

"என் வண்டிலயே போவோம்க்கா" என்றாள் நாகஜோதி. எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் நேராக சாமியப்பன் பட்டறைக்குப் போனாள். அவர் அந்தச் சுற்று வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்குப் பேர்போன மெக்கானிக், நிதானமான மனுசர். வண்டியைச் சுற்றி வந்தார், ஆயில் அளவு காட்டுகிற கம்பியை உருவிப் பார்த்தார். கீழே குனிந்து ஒழுகல் இருக்கிறதா என்று தேடினார். ஒழுகல் இல்லை.

"எண்ணெய் உள்ளதான் எரியுதுங்க அம்மிணி. பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கும். எஞ்சினை எறக்கோணும். எப்படியும் மூணு வாரம் வண்டி இங்கயே கெடக்குமுங்க."

வீட்டில் பெருமாள்சாமி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எப்பவுமே புகை வருதா, இல்ல அப்பப்பத்தானா?" என்றான்.

நாகஜோதி நினைத்துப் பார்த்தாள். நாலு வருசமாக அந்த வண்டியை ஓட்டுகிறாள். புகை எப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. துணியில் ஒரு புள்ளி விழுந்தால் அதன் ஜாதகத்தையே சொல்லுகிறவள், சொந்த வண்டியின் புகை எப்போது வருகிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை பைக்க எடுத்துக்கிட்டு என் பின்னாலயே வாரீகளா?" என்றாள். "புகை வாரப்பல்லாம் ஒரு ஹார்ன் அடிங்க. அது போதும்."

ஞாயிறு காலை கிளம்பினார்கள். சாவியைத் திருகி எஞ்சின் உறுமியதுமே பின்னால் ஒரு ஹார்ன். நாகஜோதி அதை மனதில் போட்டுக்கொண்டாள். மெயின் ரோட்டில் ஒரே சீராக ஓட்டினாள், சத்தமே இல்லை. மேம்பாலத்தில் ஏறினாள். எஞ்சின் முக்கிக்கொண்டு ஏறியது. ரிங் தேய்ந்திருந்தால் இங்கேதான் புகை குப்பென்று கிளம்ப வேண்டும் என்று பட்டறையில் கேட்டது ஞாபகம் வந்தது. ஹார்ன் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தாள், பெருமாள்சாமி தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தான். பாலத்து இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு உருள விட்டாள். அப்போதும் இல்லை. கீழே வந்து மறுபடி மிதித்தாளோ இல்லையோ, நீளமாக ஒரு ஹார்ன், அதன் பின்னாலேயே இருமல்.

அதே பாலத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் ஹார்ன். சிக்னலில் ரொம்ப நேரம் நின்று கிளம்பினாலும் ஹார்ன். பாலத்தடியில் இளநீர் விற்கிறவர் இவர்களுக்கு ஏதோ சண்டை என்று நினைத்து, "தம்பி, ஊட்டுக்குப் போயிப் பேசிக்குங்க" என்று பெருமாள்சாமிக்குப் புத்தி சொன்னார். வீட்டுக்கு வந்து அவன் முகம் கழுவியபோது தண்ணீர் கருப்பாக ஓடியது. அதைப் பார்த்து நாகஜோதி வயிறு வலிக்கச் சிரித்தாள். அவனும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

மறுநாள் வேலை விட்டதும் பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். சாமியப்பன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"பாலத்துல ஏறையில வரலீங்களா? நல்லாப் பாத்தீங்களா?"

"ஒரு தடவைகூட வரலண்ணே. காலை எடுத்துட்டு மறுக்கா மிதிக்கையிலதான் வருது. அப்புறம் காலையில ஸ்டார்ட் பண்ணையில."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படின்னா அது மேல இருக்கற வால்வு சீலுங்க. வால்வுத் தண்டுக்கு மாட்டுற சின்ன ரப்பர் தொப்பி. காஞ்சு போயிருச்சுன்னா, நிக்கையில எல்லாம் எண்ணெய் சொட்டுச் சொட்டா உள்ள எறங்கும். மிதிச்சா மொத்தமா எரியும். இருங்க, பாத்தே சொல்லிப்போடறேன்."

சீட்டைத் தூக்கி, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் அழுத்தம் காட்டுகிற மீட்டரை வைத்து எஞ்சினைச் சுழல விட்டார். மூன்று ஓட்டைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காட்டின. பிறகு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைத்துக்கொண்டு முள் விறுவிறுவென்று ஏறும். முள் இருந்த இடத்தை விட்டுப் பெரிதாக அசையவில்லை.

"ரிங்கு கல்லாட்டம் இருக்குதுங்க. எஞ்சினை எறக்க வேண்டாம். மேல்மூடியத் தொறந்து, எஞ்சின் ஹெட்டைக் கழட்டாமயே சீல் மாத்திரலாம். ஆனா ஸ்பிரிங்கக் கழட்டையில வால்வு உள்ள விழுந்துரும். விழாம இருக்க, பிளக் ஓட்டை வழியாக் கயிறு திணிச்சு, பிஸ்டனை மேல தூக்கி, கயித்தால முட்டுக் குடுக்கோணும். பிசிறில்லாத கயிறு வேணுமுங்க."

பிசிறில்லாத கயிறு என்றதும் நாகஜோதிக்கு டிராக் பேண்ட் இடுப்பில் கோக்கிற நாடா கண் முன்னால் வந்தது. மகுடேஸ்வரனிடம் கேட்டாள். எதற்கு என்று தெரிந்ததும் அவரே வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கொடுத்து, "புகை போச்சுன்னா வண்டி மறுபடி உள்ளயே நிக்கட்டுங்க" என்றார். அவள் அந்த நாடாவை மேஜையில் வைத்து, முழு நீளமும் விரலால் உருவிப் பார்த்துத்தான் எடுத்துப் போனாள்.

சனிக்கிழமை மதியம் வேலை நடந்தது. நாடா சுருள் சுருளாகப் பிளக் ஓட்டைக்குள் இறங்கியது. நுனியை மட்டும் வெளியே விட்டு, நாகஜோதி அதைப் பிடித்துக்கொண்டாள். சாமியப்பன் ஸ்பிரிங்கை அமுக்கி, அதைப் பிடித்திருக்கிற நெல்லளவு பூட்டுகளைக் காந்தத்தால் எடுத்தார். உள்ளே இருந்து வந்த பழைய சீலை அவள் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் என்று சொல்ல முடியாது. நகத்தால் அழுத்தியதும் காய்ந்த அப்பளம்போல நொறுங்கியது.

எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு பூட்டு தெறித்து எங்கோ போனது. சாமியப்பனுக்கு வியர்த்துவிட்டது. "எஞ்சினுக்குள்ள விழுந்திருந்தா மோசமுங்க."

"யாரும் காலைத் தூக்காதிங்க" என்றாள் நாகஜோதி. கம்பெனியில் ஊசி உடைந்தால் கடைசித் துணுக்கு கிடைக்கிறவரை ஒரு பீஸும் வெளியே போகக் கூடாது. அந்தத் தேடல் அவளுக்குப் பழக்கம். எஞ்சினைச் சுற்றி விரித்திருந்த வெள்ளைப் பனியன் வேஸ்ட் துணியை ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அதில் இல்லை. அவருடைய சட்டையைப் பார்த்தாள். முழங்கைவரை மடித்துவிட்டிருந்த சட்டைக்கை மடிப்பில் அது பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து நீட்டியபோது அவருக்குச் சிரிப்பு வர வெகுநேரம் ஆனது. வந்த பிறகு நிற்கவும் வெகுநேரம் ஆனது.

பால் காய்ச்சுகிற ஞாயிறு விடிந்தது. குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை முதலில் கிளப்பும்போதுதான் உண்மை தெரியும் என்று சாமியப்பன் சொல்லியிருந்தார். பெருமாள்சாமியை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்துவிட்டு நாகஜோதி பின்னால் போய் சைலன்சர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவன் சாவியைத் திருகினான். பைப்பில் தங்கியிருந்த பழைய புகை லேசாக ஒரு மூச்சு வந்து கலைந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. வெறும் காற்று, இரண்டு சொட்டுத் தண்ணீர். அவள் கையை நீட்டிப் பார்த்தாள். கை சுத்தமாக இருந்தது.

"வருதா?" என்று அவன் உள்ளிருந்து கேட்டான்.

"வரல. ஒண்ணும் வரல. இன்னொருக்க மிதிங்க" என்றாள். இன்னொருக்க, இன்னொருக்க என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

செக்கிங் பெண்களை ஏற்றிக்கொண்டு பல்லடம் தாண்டி, உடுமலை தாண்டி, மடத்துக்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது புது வீட்டு வாசலில் குழந்தையம்மாள் பட்டுச் சேலையில் நின்றிருந்தாள். முதலில் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை "வாங்க" என்றாள். பால் பொங்கி வழிந்தது. ஒப்பிட்டு என்கிற போளியும் நெய்யுமாகச் சாப்பாடு. கை கழுவியதும் நாகஜோதி ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தாள். ஆயில் புறப்பட்டபோது இருந்த கோட்டிலேயே இருந்தது. பெருமாள்சாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மத்தியானம் எல்லாரும் வாய்க்காலுக்குப் போனார்கள். அமராவதித் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. பக்கத்து வயல்களில் நாற்று நட்டிருந்தார்கள். மானாவாரிக் காட்டில் வளர்ந்தவளுக்கு நீச்சல் தெரியாது. படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தவளை, குழந்தையம்மாள் கையைப் பிடித்து மெல்ல உள்ளே இழுத்தாள்.

"வா சாமி, இடுப்பளவுதான். நான் புடிச்சுக்கறேன்."

நாகஜோதி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் சில்லென்று வயிற்றைத் தொட்டதும் மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு முங்கி எழுந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை முங்கினாள்.