தகர டின்காரரின் அழைப்பு

எண்பதுகளில் ஒருநாள், தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கழுத்தில் மஃப்ளரும் மடியில் தகர டின்னுமாக இருந்தார். விரல்கள் டின்னைத் தட்டிக்கொண்டே இருந்தன. ராகிக் கொல்லையில் யானை விரட்டுகிறவராம்.

என்ன வேலை என்று என்னைக் கேட்டுவிட்டார். விடுவேனா? பிளாஸ்மா என்னும் மின்னேறிய வாயுவைக் காந்தத்தால் வளையத்துக்குள் பிடித்து வைப்பதையும், நடுவில் சூடேற்றினால் அங்கிருக்கும் துகள்கள் வெளியே நழுவிவிடுவதையும், கண்டக்டர் முறைக்க முறைக்க விளக்கினேன்.

"நடுவுல சூடு வச்சா தானா வெளிய போயிடுதா சார்?"

"அதுதாங்க என் பிரச்சினையே."

டின் சத்தம் நின்றது. "நாங்க தீ மூட்டியும் யானைங்க நடுக்கொல்லைய விட்டு நகர மாட்டேங்குதுங்க. அந்த மிஷின எடுத்துக்கிட்டு ஒருவாட்டி வாங்க சார்."

அவர் ஊரைக்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். என் ஆராய்ச்சிக்கு இதுவரை வந்த அழைப்பு அது ஒன்றுதான்.