பொம்மிடி வகுப்பும் 'தெரிந்துகொள்ளுதல்' என்ற ஒரு சொல்லும்

1938 ஜூலையில் பொம்மிடிப் பக்கத்துச் சபை ஒன்றில் ஆறு நாள் வகுப்பு எடுக்கப் போனேன். சபைச் சரித்திரமும் சீர்திருத்தச் சபையின் போதனையும் பாடம். ஏழு போதகர்களும் இருபது சபையாரும் வந்தார்கள். அடுத்து இதே வேலையாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜோலார்பேட்டை ரயில் காலை ஆறேகாலுக்குப் பொம்மிடியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஒன்பது மைல். மாட்டுவண்டிக்குப் பன்னிரண்டு அணா, மூன்று மணி நேரம். வழியெல்லாம் கல். முதுகு சரியில்லாதவர்கள் வைக்கோலைக் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், வண்டிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காலையில் எல்லாருக்கும் வகுப்பு. மாலை நான்கு மணிக்குப் போதகர்களுக்கு மட்டும். சனிக்கிழமை பரீட்சை. அதில் தேறினால் ஞாயிறன்று முதல் திருவிருந்தில் அப்பமும் ரசமும் பெறலாம். அப்படிக் காத்திருந்தவர் ஒரே ஒருவர், மாதம்மாள். களை வெட்டிப் பிழைப்பவர், படிக்கத் தெரியாது. இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தார்.

"தெரிந்துகொள்ளுதல் என்றால் என்னம்மா?" என்று பரீட்சையில் கேட்டேன். கடவுள் தமக்கென்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பதை வேதத் தமிழில் அப்படித்தான் சொல்வோம்.

"சாமி என்னயத் தெரிஞ்சிக்கினாருங்க. எம்பேரு, எங்க வூடு, அல்லாந் தெரிஞ்சிக்கினாருங்க."

நான் சிரித்தேன். "அதுவரைக்கும் அவருக்குத் தெரியாமலா இருந்தது?" என்றேன். போதகர்களும் சிரித்தார்கள். அர்த்தம் தவறு, இன்னும் படித்து வரட்டும் என்று தீர்ப்புச் சொன்னேன்.

"அப்ப என்னய அவருக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் அவர் கோயிலுக்கு வரவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். அந்தச் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் வண்டியில் கூட வந்தார். இரண்டு மைல் தாண்டியதும் மெல்லச் சொன்னார்: "அந்தம்மாவ ஊர்ல அல்லாரும் மலடின்னுதானுங்க கூப்புடுவாங்க. பேரே யாருக்கும் வராது. சாமிக்கு எம்பேரு தெரியும்னுதானுங்க அது சபைக்கே வந்துச்சு."

வேதத்தில் கடவுள் ஒருவரை அறிவது என்றால் தகவல் அறிவதல்ல, தமக்குச் சொந்தமாக்கிக்கொள்வது என்று புதன்கிழமை நான்கு மணி வகுப்பில் அரை மணி நேரம் விளக்கியவனே நான்தான். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். நான் புத்தகத்தில் படித்ததை அவர் பட்டுத் தெரிந்து வைத்திருந்தார்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன். மாதம்மாள் கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னதுதான் சரி, நான் சிரித்தது தப்பு, அடுத்த திருவிருந்தில் உட்காருங்கள் என்றேன்.

அவர் நிமிரவில்லை. "முந்தாநேத்து சொன்னதும் நீங்கதானுங்களே," என்றார்.

மறுபடி வண்டியேறி ஸ்டேஷனுக்கு வந்தேன். பதினொரு மணி ரயில் போய்விட்டது. அடுத்தது மாலை ஐந்தரைக்குத்தான். ஸ்டேஷனில் நிழல் இருக்கிறது, சாப்பாடு கிடைக்காது.

போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். பரீட்சையைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். தேறாமல் போனது வாத்தியாராக இருந்தால், அவருக்கும் அந்த ஊரில் சில நாட்கள் வேண்டியிருக்கும்.