ஒரு பிடி தீனி

முதலாளியம்மாவை நினைத்தால், ஒரு பிடி தீனியைக் கையில் இறுக்கிக்கொண்டு கோழி ஷெட்டு வாசலில் அவர் நின்றதுதான் முதலில் வரும். நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணை ஒன்றில் நான் மேற்பார்வையாளராக இருந்த காலம் அது. அந்த ஷெட்டுக் கோழிகளுக்கு வயதாகிவிட்டது. தின்கிற தீனிக்கு முட்டை இல்லை. கறிக்குக் கழிவுக் கோழியாக வாங்கிப்போக வியாபாரி லாரியோடு வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, பொரட்டாசி போனா முட்டை வெல ஏறுமுங்களா? இன்னொரு மாசம் வெச்சுப் பாக்கலாமா?" என்று முதலாளியம்மா கேட்டார். "வெச்சிருங்கம்மா, ஏறிரும்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. கையிலிருந்த தீனியைத் தொட்டியில் போட்டார். லாரி காலியாகத் திரும்பியது.

விலை ஏறத்தான் செய்தது. ஆனால் கோழிகள் முட்டையை இன்னும் குறைத்துவிட்டன. கடைசியில் அதே வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டார், கொடுத்தோம். வெறும் கூண்டுகளுக்கு நடுவில் நின்று நான் மன்னிப்புக் கேட்டேன். "உங்க மேல தப்பில்லீங்க தம்பி. எங்க ஊட்டுக்காரரும் விக்கச் சொன்னாரு, கோழி டாக்டரும் விக்கச் சொன்னாரு. வெச்சிருன்னு ஒருத்தராச்சும் சொல்லமாட்டாங்களான்னுதான் உங்ககிட்ட வந்தேன்" என்றார். அன்றும் பழக்கத்தில் அள்ளிவந்த ஒரு பிடி தீனியை மூட்டையிலேயே திரும்பப் போட்டார்.

இப்போது என் கையில் கைப்பேசி. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை ஒரு நூற்பாலையின் பங்கில் போட்டேன், பாதியாகிவிட்டது. கட்டணம் கட்ட இன்னும் பத்து நாள்தான். பங்கின் விலை சிவப்பு எழுத்தில் இறங்குவதைத் திறந்து திறந்து பார்க்கிறேன். விற்றால் பாதி போனது போனதுதான். வைத்திருந்தால் மிச்சமும் போய்விடுமோ என்று பயம். மனைவி விற்கச் சொன்னாள். சேலத்துத் தரகரும் அதையேதான் சொன்னார். இன்று காலை பரமத்தி வேலூர் நண்பனைக் கூப்பிட்டேன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவன், ஒரு பங்கு கூட வாங்கியதில்லை. "வெச்சிரு மாப்ள, ஏறிரும்" என்றான். அப்பாடா என்றிருந்தது. போனை வைத்த பிறகுதான் அது அன்று முதலாளியம்மாவிடம் நான் சொன்ன சொல் என்று உறைத்தது.

விற்கும் பொத்தானை அழுத்தினேன். கட்டணத்தின் மீதிப் பணத்துக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. மூட்டையில் தீனியைத் திரும்பப் போட்ட அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதைத் திரும்பப் போடும்போது முதலாளியம்மாவும் யாரையும் கேட்கவில்லை.